செப்பும் இரைப்பையும்: ஒரு கலம் சாகும் விதம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு நிகழ்வில் பேச வேண்டுமென்று செயலாளர் கேட்டபோது, பள்ளிக்கூட நினைவுகளைப் பற்றிப் பேசவா என்று கேட்டேன். "அதுக்கு இருபது பேர் வரிசையில நிக்கினம். நீர் உம்முடைய வேலையைப் பற்றிப் பேசும்" என்றார். என் வேலை புற்றுநோய்க் கலங்களை வளர்ப்பதும், அவை எப்படிச் சாகின்றன என்று பார்ப்பதும். விழா மேடைக்கு உகந்த பொருளா என்று தெரியவில்லை. ஆனால் உயர்தர வகுப்பில் கிரெப்ஸ் வட்டத்தைக் கரும்பலகையில் மூன்று தரம் வரைந்து, மூன்று தரமும் எங்களைக் கொண்டே அழிப்பித்த ரீச்சர் முன்வரிசையில் இருக்கிறார். அந்த வட்டம் இன்றைக்கு நமக்குத் தேவைப்படும். ஆகையால் துணிந்து தொடங்குகிறேன்.

கலம் சாவது நோயென்றே பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எங்கள் இரைப்பையின் உட்சுவரை மூடியிருக்கும் கலங்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து, புதியவை அந்த இடத்துக்கு வருகின்றன. ஒழுங்காகச் சாவது கலத்தின் கடமைகளில் ஒன்று. 1972இல் கெர், வைலி, கறி என்ற மூவர் இந்த ஒழுங்கான சாவுக்கு அப்பொப்ரோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. ஒரு மில்லிமீற்றர் நீளமான புழுவில் அதன் பரம்பரையலகுகளைக் கண்டறிந்த பிரெனர், ஹோர்விற்ஸ், சல்ஸ்ரன் ஆகியோருக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது. புற்றுநோய்க் கலம் என்பது பெரும்பாலும் இந்த உதிர்வை மறந்துபோன கலம். நாங்கள் கொடுக்கும் மருந்துகளில் பல, அதற்கு அந்த உதிர்வை நினைவூட்டத்தான் முயல்கின்றன. நினைவு வராத கலங்கள் தப்பிப் பிழைத்து மறுபடியும் வளர்கின்றன. அதனால்தான் சாவுக்கு வேறு வாசல் இருக்கிறதா என்று தேடுகிறோம். 2012இல் இரும்பின் வழியான ஒரு வாசல் தெரியவந்தது. 2022 மார்ச்சில் செப்பின் வழியான வாசல்.

செப்பை நமக்குத் தெரியும். நம்முடைய பாட்டிமார் தண்ணீர் மொண்ட செம்புக்கு அந்த உலோகத்தின் பெயரே பெயராகிவிட்டது. திராட்சைப் பந்தல் இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நீல நிறத் துரிசு தெரியும். சுண்ணாம்போடு கரைத்து இலைகளுக்கு அடிப்பார்கள், பூஞ்சணம் செத்துப்போகும். அந்தத் துரிசுதான் நாங்கள் இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் பளிங்கு வளர்த்த செப்புச் சல்பேற்று. செப்பு உயிரைக் கொல்லும் என்பது கமக்காரனுக்கும் தெரிந்த விடயம். எப்படிக் கொல்கிறது என்பதுதான் இவ்வளவு காலமும் சரியாகத் தெரியாமல் இருந்தது.

அதே செப்பு இல்லாமலும் வாழ முடியாது. வளர்ந்த ஒருவரின் உடலிலுள்ள செப்பு முழுவதையும் சேர்த்தாலும் 100 மில்லிகிராமை அண்டித்தான் வரும். ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 0.9 மில்லிகிராம். கஜு, எள்ளு, பருப்பு, ஈரல், நண்டு, கணவாய் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. நம்முடைய சாப்பாட்டில் குறைபாடு வருவது அரிது. சுவாசத்தின் கடைசிப் படியில் ஒட்சிசனுக்கு இலத்திரனைக் கையளிக்கும் நொதியத்தில் செப்பு உட்கார்ந்திருக்கிறது. இலத்திரனை இலகுவாகக் கொடுக்கவும் வாங்கவும் கூடியது என்பதால் அது பயன்படுகிறது. அதே குணத்தால் ஆபத்தானதாகவும் இருக்கிறது. ஆகவே கலம் செப்பைத் தனியே அலைய விடுவதில்லை. உள்ளே வந்தவுடன் ஒரு புரதம் கைப்பிடித்து இன்னொரு புரதத்திடம் ஒப்படைக்கும். கல்யாண வீட்டில் நகைப்பெட்டி கைமாறுவது போல.

இந்தக் கைமாற்றம் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு பரம்பரை நோய்கள் சாட்சி. 1912இல் வில்சன் என்ற நரம்பியல் வைத்தியர் விவரித்த நோயில் செப்பு வெளியேற முடியாமல் ஈரலிலும் மூளையிலும் சேர்ந்துவிடும். 1962இல் மென்கிஸ் விவரித்த நோயில் குடலிலிருந்து செப்பு உடலுக்குள் செல்லவே மாட்டாது. பிறந்த ஆண்குழந்தைகள் மூளை வளராமல் இறந்துபோவார்கள். கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய்.

இப்போது 2022ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்புக்கு வருகிறேன். அது ஒரு தோற்றுப்போன மருந்திலிருந்து பிறந்தது. எலெஸ்க்ளொமோல் என்பது அந்த மருந்தின் பெயர். மெலனோமா எனப்படும் தோற்புற்றுநோய் முற்றிய 651 நோயாளர்களில் அதைப் பரிசோதித்தார்கள். 2009இல் பாதுகாப்புக் காரணத்துக்காக அந்தப் பரிசோதனை இடைநிறுத்தப்பட்டது. மொத்தத்தில் நன்மை தெரியவில்லை. ஆனால் இரத்தத்தில் எல்.டி.எச். என்ற நொதியத்தின் அளவு சாதாரணமாக இருந்த நோயாளர்களில் மட்டும் மருந்து வேலை செய்ததற்கான அடையாளம் இருந்தது. பரிசோதனை தோற்றுவிட்டது என்று கோப்பை மூடியிருக்கலாம். அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள புரோட் நிறுவகத்தில் பீற்றர் ஸ்வெற்கோவ், ரொட் கோலப் ஆகியோரின் குழு அந்தக் கோப்பை மறுபடி திறந்தது. அந்த நோயாளர்களில் மட்டும் ஏன் வேலை செய்தது என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். விஞ்ஞானத்தில் எனக்குப் பிடித்த குணம் இந்தப் பிடிவாதம்.

எலெஸ்க்ளொமோல் தானாகக் கொல்வதில்லை. அது ஒரு ஓடக்காரன். செப்பு அயனை ஏற்றிக்கொண்டு கல மென்சவ்வைக் கடந்து, இழைமணிக்குள் கொண்டுபோய் இறக்குகிறது. இழைமணிக்குள்தான் ரீச்சரின் கிரெப்ஸ் வட்டம் சுழல்கிறது. அந்த வட்டத்தோடு சேர்ந்த ஒரு சில நொதியங்களில் லிப்போயிக் அமிலம் என்ற வால் ஒட்டியிருக்கும். மனிதக் கலத்தில் அப்படியான நொதியங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அந்த வாலில் இரண்டு கந்தக அணுக்கள் இருக்கின்றன. செப்புக்குக் கந்தகத்தில் உள்ள பிரியத்தை இரசாயனவியல் படித்தவர்கள் அறிவார்கள். செப்பு அந்த வாலில் போய் ஒட்டுகிறது. வால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. தேசிக்காய்ப்புளி விட்ட பால் போல அந்தப் புரதங்கள் திரைந்து கட்டிபட்டுப் போகின்றன. இன்னொரு பக்கம் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கொத்துகளை உடைய புரதங்களும் சிதைகின்றன. கலம் செத்துவிடுகிறது.

இது பழைய வகைச் சாவுகளில் ஒன்று அல்ல என்று எப்படி நிச்சயித்தார்கள்? அப்பொப்ரோசிஸைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தார்கள், சாவு நிற்கவில்லை. இரும்புவழிச் சாவைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தார்கள், நிற்கவில்லை. செப்பைப் பிடித்துக் கட்டிவைக்கும் மருந்தைக் கொடுத்தபோது நின்றது. அடுத்ததாக, பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்ததில், ஃபெரடொக்சின்-1 என்ற புரதம் இல்லாத கலங்கள் சாகாமல் தப்பின. அந்தப் புரதம்தான் லிப்போயிக் வால் ஒட்டுவதற்கு வேண்டியது. செப்பை அதன் கூடுதல் நச்சு வடிவத்துக்கு மாற்றுவதும் அதுதான். சுவாசத்தை நம்பி வாழும் கலங்கள், வெல்லத்தை நொதிக்கச் செய்து வாழும் கலங்களைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு இலகுவாக இந்த வழியில் செத்தன. எல்.டி.எச். சாதாரணமாக இருந்த நோயாளர்களின் புதிர் இப்போது விளங்கத் தொடங்குகிறது. அவர்களுடைய கட்டிகள் சுவாசத்தை நம்பியவையாக இருந்திருக்க வேண்டும். இந்தச் சாவுக்குக் கியூப்ரொப்ரோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். நான் வீட்டில் அம்மாவுக்குச் சொல்லும்போது செப்புச்சாவு என்றுதான் சொல்லுவேன்.

இதற்கும் இரைப்பைக்கும் என்ன சம்பந்தம்?

2022இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 9 இலட்சத்து 68 ஆயிரம் பேருக்குப் புதிதாக இரைப்பைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 6 இலட்சத்து 60 ஆயிரம் பேர் இறந்தார்கள். புற்றுநோய்களில் இது ஐந்தாம் இடம். யப்பான், கொரியா, சீனா, மங்கோலியா போன்ற நாடுகளில் கூடுதலாகக் காணப்படுகிறது. இலங்கையில் ஒப்பீட்டளவில் குறைவு. இங்கே பெண்களுக்கு மார்பகமும் ஆண்களுக்கு வாயும்தான் முன்னுக்கு நிற்கின்றன. இரைப்பையில் வருவதற்குப் பெரும்பாலான காரணம் ஹெலிக்கோபற்றர் பைலோரி என்ற பற்றீரியா. அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வொறனும் பரி மார்ஷலும் அதைக் கண்டார்கள். நம்பாதவர்களுக்காக மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைக் கரைத்துத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. கிருமியோடு உப்புக் கூடிய உணவு, புகைத்தல் என்பனவும் சேர்ந்து பல பத்தாண்டுகளில் அழற்சி, சுவர் மெலிவு, கல மாற்றம் என்று படிப்படியாகப் புற்றுநோய்க்குப் போகிறது. ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் இது பரம்பரையாக வரும். நியூசிலாந்தில் தலைமுறை தலைமுறையாக இளவயதில் இரைப்பைப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த ஒரு மாவோரிக் குடும்பம், தாங்களே ஆய்வாளர்களைத் தேடிப்போய்ச் சேர்ந்து உழைத்து, 1998இல் அதற்குக் காரணமான பரம்பரையலகைக் கண்டுபிடிக்க வைத்தது. அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

இரைப்பைக் கட்டியில் செப்பைப் பற்றிச் செய்யப்பட்ட ஆய்வுகளில் நான் மதிப்பது 2023இல் சீனாவிலிருந்து வந்த ஒன்று. அவர்கள் நோயாளர்களின் இழையத்தை எடுத்து அளந்தபோது, கட்டிக்குள் செப்பு கூடுதலாக இருந்தது. அப்படியானால் அந்தக் கலங்கள் ஏன் தாங்களாகவே சாகவில்லை? இங்கேதான் இலற்றிக் அமிலம் வருகிறது. ஓட்டப்போட்டிக்குப் பிறகு கால் உழைவதற்கு அதைத்தானே குற்றம் சொல்லுவோம், அதே அமிலம். கட்டிகள் அதைக் குவியலாக உண்டாக்கும். அந்த அமிலத்தின் ஒரு துண்டு மெற்றல்-16 என்ற புரதத்தில் முத்திரை போல ஒட்டுகிறது. முத்திரை விழுந்த புரதம் ஃபெரடொக்சின்-1ஐக் கூட்டுகிறது. ஃபெரடொக்சின் கூடினால் செப்புச்சாவு இலகுவாகிறது. அதாவது புற்றுநோயின் கழிவே அதன் காலை வாரிவிடப் பார்க்கிறது. ஆனால் சேர்ட்-2 என்ற இன்னொரு நொதியம் அந்த முத்திரையை அழித்துவிடுகிறது. ஆய்வாளர்கள் எலெஸ்க்ளொமோலோடு சேர்ட்-2ஐத் தடுக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, வளர்ப்புக் கலங்களிலும் எலிகளிலும் இரைப்பைக் கட்டி கூடுதலாகச் செத்தது.

கவனமாகக் கேட்டவர்களுக்கு ஒரு முரண் தெரிந்திருக்கும். நொதிக்கச் செய்து வாழும் கலம் செப்புக்கு இலகுவில் சாகாது என்று முதலில் சொன்னேன். நொதித்தலின் விளைவான இலற்றிக் அமிலம் சாவை இலகுவாக்குகிறது என்று இப்போது சொல்கிறேன். இரண்டும் அளந்து கண்டவைதான். ஒரே கட்டிக்குள்ளேயே ஒட்சிசன் கிடைக்கும் ஓரமும் கிடைக்காத நடுவும் இருக்கின்றன. எந்தக் கலம் எந்த நேரத்தில் எப்படி வாழ்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறலாம். இரைப்பைப் புற்றுநோயும் ஒரே நோய் அல்ல. 2014இல் 295 கட்டிகளின் பரம்பரையலகுகளை வாசித்து அதை நான்கு வகையாகப் பிரித்தார்கள். நான்கும் செப்புக்கு ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2022க்குப் பிறகு இந்தத் தலைப்பில் கட்டுரைகள் மழைக்காலத்துக் காளான் போல முளைத்தன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே பொதுத் தரவுத்தொகுதியைக் கணினியில் போட்டு, இந்தந்தப் பரம்பரையலகு கூடினால் நோயாளர் இவ்வளவு காலம் வாழ்வார் என்று எதிர்வுகூறுபவை. ஒரு கலத்தையும் தொட்டுப் பார்த்திராத கட்டுரைகள். எனக்கு அவற்றில் நம்பிக்கை குறைவு. கோழி வளர்க்காமல் முட்டைக் கணக்கு எழுதுகிற வேலை அது.

அதைவிடப் பெரிய சிக்கல், செப்பு புற்றுநோய்க்கு உணவாகவும் இருப்பது. கலம் பெருகுவதற்கான கட்டளையைக் கடத்தும் சில நொதியங்களுக்குச் செப்பு வேண்டும். புதிய இரத்தக் குழாய்கள் கட்டிக்குள் வளரவும் செப்பு உதவுகிறது. அதனால் இன்னொரு முகாம் உடலிலிருந்து செப்பை இழுத்தெடுக்கும் மருந்தைப் பரிசோதித்துவருகிறது. ஒரு சாரார் செப்பை ஊட்டிக் கொல்ல வேண்டும் என்கிறார்கள், மறு சாரார் பட்டினி போட வேண்டும் என்கிறார்கள். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. இன்றைக்கு, இரைப்பைப் புற்றுநோய்க்குச் செப்பின் வழியாக வேலை செய்யும் மருந்து எதுவும் அங்கீகரிக்கப்படவில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

என் வகுப்புத் தோழி ஒருத்தி ரொறன்ரோவில் இருக்கிறாள். பெயரைச் சொல்லாமல் தன்னைப் பற்றிப் பேசலாம் என்று அனுமதி தந்திருக்கிறாள். அவளுக்கு இரைப்பைப் புற்றுநோய். கண்டறிந்த கிழமையே அவளுடைய தொலைபேசிக்கு இரண்டு செய்திகள் வந்தன. செப்பு புற்றுநோயைக் கொல்லும் என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள், தினமும் செப்புக் குடத்துத் தண்ணீரும் செப்பு மாத்திரையும் எடு என்றது ஒன்று. செப்பு புற்றுநோயை வளர்க்கும், கஜுவையும் எள்ளையும் நிற்பாட்டு என்றது மற்றது. மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு, எலும்பு தெரிய மெலிந்திருந்த நிலையில், எதைச் சாப்பிடுவது என்று தெரியாமல் என்னை அழைத்தாள்.

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வாயால் எடுக்கும் செப்பு நேரே கட்டிக்குப் போவதில்லை. குடலிலிருந்து ஈரலுக்குப் போகும். ஈரல் தேவையானதை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். ஓடக்காரன் இல்லாமல் இழைமணிக்குள் செப்பு குவியாது. மாத்திரையைக் கூட்டினால் முதலில் அடிபடுவது ஈரல்தான், அதுவும் இரசாயன சிகிச்சையைத் தாங்க வேண்டிய நேரத்தில். மறுபக்கம், கஜுவையும் எள்ளையும் நிறுத்துவதால் கட்டி பட்டினி கிடக்கப் போவதில்லை. பட்டினி கிடப்பது அவள்தான். இரைப்பைப் புற்றுநோயாளருக்கு நிறை குறைவதே பெரிய எதிரி. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, பிடித்ததைச் சாப்பிடச் சொன்னேன். மாத்திரையைப் புற்றுநோய் வைத்தியரிடம் காட்டச் சொன்னேன். அவர் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

செப்புக் குடத்தைப் பற்றிக் கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். குடிநீரில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் செப்பு வரை உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது. சாதாரணத் தண்ணீரைச் சுத்தமான செப்புப் பாத்திரத்தில் வைத்துக் குடிப்பதை நான் தடுக்கப் போவதில்லை. மருந்தென்று நினைத்துக் குடிக்க வேண்டாம் என்கிறேன். புளி, தேசிக்காய், மோர், பால் இவற்றை ஈயம் பூசாத செப்பு, பித்தளைப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது. இது பாட்டிமாரின் வெறும் கட்டுப்பாடு அல்ல. இந்தியாவில் ஒருகாலம் சின்னக் குழந்தைகளை ஈரல் சுருங்கும் நோய் ஒன்று வாரிக்கொண்டு போனது. பித்தளைப் பாத்திரங்களில் வைத்த பாலிலிருந்து சேர்ந்த செப்பு அதற்குக் காரணமாகலாம் என்று 1983இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பாத்திரம் மாறிய வீடுகளில் நோயும் குறைந்துபோனது.

என் தோழி என்னைப் பேசச் சொன்னது செப்பைப் பற்றி அல்ல. நோய் கண்டறியப்படுவதற்கு முன் எட்டு மாதம் அவள் காஸ்ரிக் என்று சொல்லிக்கொண்டு அமிலம் குறைக்கும் மருந்தை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். வேலை, பிள்ளைகளின் பரீட்சை, மாமியாரின் சத்திரசிகிச்சை, எல்லாம் முடிய வைத்தியரிடம் போகலாமென்று இருந்தாள். இந்த மண்டபத்தில் அப்படி இருப்பவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை. பார்த்தாலே தெரிகிறது.

55 வயதைத் தாண்டியபின் புதிதாக வரும் அசமிபாடு, முயற்சியின்றி நிறை குறைவது, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்ததுபோல இருப்பது, விழுங்கும்போது தடைப்படுவது, தார் போன்ற கறுப்பு மலம், காரணம் தெரியாத இரத்தச்சோகை, விடாத வாந்தி. இவற்றில் ஒன்று இருந்தாலும் காஸ்ரிக் என்று நீங்களே பெயர் வைக்காமல், கமரா விட்டுப் பார்க்க வேண்டுமா என்று வைத்தியரைக் கேளுங்கள். அமிலம் குறைக்கும் மருந்து புண்ணின் நோவைக் குறைத்து நோயை மறைத்துவிடக்கூடும். கொரியாவில் 40 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரைப்பையைப் பார்க்கிறார்கள். அதனால் அங்கே பலருக்கு நோய் ஆரம்பத்திலேயே பிடிபடுகிறது. ஆரம்பத்தில் பிடிபட்டால் சத்திரசிகிச்சையாலேயே, சிலருக்குக் கமராக் குழாய் வழியாகவே, கட்டியை முற்றாக அகற்றிவிடலாம். இலங்கையிலும் கனடாவிலும் பிரித்தானியாவிலும் அப்படியான பொதுப் பரிசோதனைத் திட்டம் இல்லை. ஆகவே அறிகுறியை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். பைலோரிக் கிருமியைக் கண்டுபிடிக்கச் சுவாசப் பரிசோதனையும் மலப் பரிசோதனையும் இருக்கின்றன. தாய், தகப்பன், சகோதரருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால், அதுவும் இளவயதில் வந்திருந்தால், அதைச் சொல்லியே பரிசோதனை கேளுங்கள்.

செயலாளர் மணியைப் பார்க்கிறார். செப்புக் குடம் பற்றி மேலும் கேள்வி உள்ளவர்கள் தேநீர் நேரத்தில் என்னைப் பிடிக்கலாம். கிரெப்ஸ் வட்டம் பற்றி உள்ளவர்கள் ரீச்சரிடம் போங்கள், அவர் இப்போதும் மூன்று தரம் வரைவார்.